இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

பாலையூற்றுச் சந்தியால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ
நாளுக்கு மூன்று தரம் சொல்லிக்கொண்டு போனது:
ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர்.
கட்டிலில் கிடந்தபடி கேட்டேன்.
எனக்கும் நபீலாவுக்கும் நடுவில்
காலை ஆறரைக்கு இருக்கிற தூரம்
அவளுடைய சட்டைப் பொத்தானின் தடிப்பு.

பீ.எச்.ஐ. ஐயா வாசலில் நின்றே
துண்டுப் பிரசுரத்தை நீட்டினார்.
பதினொரு விதி, படத்தோடு.
படத்தில் இருந்த குடும்பம் முழுக்க
நின்றுகொண்டிருந்தது.

நாலாவது விதிப்படி
இருபது செக்கன் கை கழுவினேன்.
பிறகு சில்லைப் பிடித்து உருட்டிக்கொண்டு அறைக்கு வந்தேன்.
காலையில்தான் அந்தச் சில்லு
மீன்கடை ஈரத்தையும் ஆஸ்பத்திரி வாசலையும்
யாரோ துப்பிய வெற்றிலையையும்
ஒரு சுற்று விடாமல் ஒற்றி எடுத்திருந்தது.
நகத்துக்கு ஒரு விதி எழுதியவர்களுக்குக்
கதிரைக்குச் சில்லு இருப்பது
ஞாபகத்தில் வரவில்லை.

அன்றிரவு பழைய கொப்பி ஒன்றை எடுத்தேன்.
முதலில் வளையத்தைத் துடை, பிறகு கையைக் கழுவு.
மாறிச் செய்தால் சவர்க்காரம்தான் நட்டம்.
மூத்திரப் பை மாற்றுகிற கையுறையோடு
கதவுப் பிடியைத் தொடாதே.
தூக்குவது பற்றிய பக்கத்தை மூன்று தரம் வெட்டி எழுதினேன்.
கடைசியில் நின்றது இது:
நீ யன்னலைப் பார், நான் கலண்டரைப் பார்க்கிறேன்.
கன்னத்தோடு கன்னம் இருக்கட்டும்,
மூச்சு மட்டும் ஆளுக்கொரு பக்கம் போகட்டும்.

"எனக்குச் சோதினை வைக்கப் போறீங்க போல, கௌரியக்கா"
என்று நபீலா சிரித்தாள்.
கவசத்துக்கு மேலே கண் இரண்டும் கோடாகின.

அடுத்த கிழமை கிண்ணியாப் பாலத்தில் தடை போட்டார்கள்.
அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம்.
போனில் குரல் கரகரத்தது.
"ஆஸ்பத்திரிக்குப் போ."
"போக மாட்டன் அக்கா.
மௌத்தானா எரிக்கிறாங்களே."
அதற்கு என் கொப்பியில் பக்கம் இல்லை.
பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
அதிலும் இல்லை.

எதிர்வீட்டுக் குசுமா வந்தாள்.
அவளுடைய தமிழ் மீன் விலை கேட்கும் அளவு,
என்னுடைய சிங்களம் கச்சேரியில் கையெழுத்து வைக்கும் அளவு.
சீனிப் பேணியில் போனைச் சாய்த்து வைத்தோம்.
உள்ளே இருந்து நபீலா இருமி இருமிச் சொன்னாள்:
"கக்கத்துல புடிக்காதீங்க, இடுப்புல. இடுப்புல.
கதிரைக்குப் பிரேக் போட்டாச்சா?
மூஞ்சைத் திருப்புங்க, மற்றப் பக்கம்."
குசுமா திருப்பின திருப்பலில் கழுத்துச் சுளுக்கியது.
என்னைக் கதிரையில் இருத்திவிட்டு
அவள்தான் முதலில் அழுதாள்.
ஏன் என்று கேட்க எனக்குச் சொல் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நபீலாவுக்கு மூச்சு வாங்கியது.
டொக்டர் ஒருவரைப் போனில் பிடித்தேன்.
வார்த்தை நீலித்தால் உடனே ஆஸ்பத்திரி என்றார்,
இல்லை, சரியாக அவர் சொன்னது இது:
உதடு நீலித்தால் உடனே ஆஸ்பத்திரி,
அதுவரை மல்லாக்காக் கிடக்க விடாதேங்கோ,
குப்புற, பிறகு பக்கவாட்டில், மாற்றி மாற்றி.

எத்தனை மணிக்கு ஒருக்கால் என்று நான் கேட்கவில்லை.
பதினாறு வருசமாக அது எனக்குத் தெரியும்.
முதுகில் புண் வராமலிருக்க
இரவில் என்னைத் திருப்புகிற அலாரம் அது.
பன்னிரண்டு, இரண்டு, நாலு.
கட்டில் கம்பியில் கட்டின கயிற்றை இழுத்து
முதலில் நான் திரும்புவேன்.
பிறகு போன் எடுப்பேன்.

"நபீலா, திரும்பு."
"ம்."
"உதடு என்ன நிறம்?"
"லைட் போடணும் அக்கா."
"போடு."

நடுவில் கொட்டியாரக் குடா முழுக்க இருட்டு.
ஒரு மீற்றருக்குக் குறையாது.
அவளுடைய பாய் சரசரக்கிற சத்தம் கேட்கும் வரைக்கும்
போனை வைப்பதில்லை.